கேஸ் மாறினால் பர்னர் என்ன செய்யும்? இயற்கை எரிவாயுவின் தரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக்குக் குழாயில் வரும் இயற்கை எரிவாயு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. காவிரிப் படுகையிலும் இராமநாதபுரத்திலும் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் வாயு ஒன்று. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் திறந்த முனையத்தில் கப்பலிலிருந்து இறங்கும் எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) இன்னொன்று. கோவைப் பக்கத்துக்குக் கொச்சி முனையத்து வாயு வாளையாறு வழியாக வருகிறது. மீட்டர் எல்லாவற்றையும் கனமீட்டராகத்தான் எண்ணும். பர்னருக்கும் எஞ்சினுக்கும் உலைக்கும் அவை ஒன்றல்ல. எல்.பி.ஜி., ஃபர்னஸ் ஆயில், டீசலிலிருந்து குழாய்வழி எரிவாயுவுக்கு மாறியவர்களும் மாறப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இயற்கை எரிவாயு என்றாலே மீத்தேன்தானே? தரம் எப்படி மாறும்?

பெரும்பகுதி மீத்தேன்தான். மீதிப் பகுதியில்தான் சிக்கல். ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் கூடினால் வாயு கனமாகும், வெப்பமும் கூடும். கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் எரியாமல் இடத்தை மட்டும் அடைக்கும். எல்.என்.ஜி.யைக் குளிர்வித்துத் திரவமாக்கும் முன்பே கார்பன் டை ஆக்சைடை எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் அது உறைந்து கருவிகளை அடைத்துவிடும். அதனால் எல்.என்.ஜி.யில் அது கிட்டத்தட்ட இருக்காது. கிணற்று வாயுவில் சில சதவீதம் இருக்கலாம். எல்.என்.ஜி.யிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்கச் சரக்கு பெரும்பாலும் மெலிந்தது, மீத்தேன் 96, 97 சதவீதம் வரை போகும். கத்தார் சரக்கில் மீத்தேன் 90 சதவீதத்தை ஒட்டியும் ஈத்தேன் 6 சதவீதத்துக்கு மேலும் இருக்கும்.

கணக்குக்காக மூன்று மாதிரி வாயுக்களை வைத்துக்கொள்வோம். எந்த விநியோகஸ்தருடையதும் அல்ல. நாங்களே வகுத்த கலவைகள்.

வாயு அ: மீத்தேன் 97, ஈத்தேன் 2.5, நைட்ரஜன் 0.5 சதவீதம். மெலிந்த எல்.என்.ஜி. போன்றது.
வாயு ஆ: மீத்தேன் 91, ஈத்தேன் 6.5, புரோப்பேன் 1.8, பியூட்டேன் 0.6, நைட்ரஜன் 0.1. செறிந்த எல்.என்.ஜி. போன்றது.
வாயு இ: மீத்தேன் 88, ஈத்தேன் 5, புரோப்பேன் 1.5, கார்பன் டை ஆக்சைடு 4, நைட்ரஜன் 1.5. கிணற்று வாயு இப்படி இருக்கக்கூடும்.

பில்லில் கலோரி மதிப்பு போட்டிருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதானால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

பர்னருக்குள் வாயு ஒரு சிறு துளை வழியாகப் போகிறது. அழுத்தம் மாறாமல் இருந்தால், கனமான வாயு அந்தத் துளையில் மெதுவாகவும் லேசான வாயு வேகமாகவும் போகும். ஆக, பர்னர் பெறும் வெப்பத்தை முடிவு செய்பவை இரண்டு: கலோரி மதிப்பும் அடர்த்தியும். மொத்தக் கலோரி மதிப்பை, காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தியின் (ஒப்படர்த்தி) வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் வோபே எண். வோபே எண் சமமான இரண்டு வாயுக்கள் ஒரே துளையில், ஒரே அழுத்தத்தில் ஒரே அளவு வெப்பம் தரும்.

15 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற அடிப்படையில் மூன்று வாயுக்களுக்கும் கணக்குப் போட்டால்:

அ: கனமீட்டருக்கு 38.3 மெகாஜூல், அதாவது சுமார் 9,150 கிலோகலோரி. ஒப்படர்த்தி 0.569. வோபே எண் 50.8.
ஆ: 41.1 மெகாஜூல், சுமார் 9,820 கிலோகலோரி. ஒப்படர்த்தி 0.614. வோபே எண் 52.4.
இ: 38.0 மெகாஜூல், சுமார் 9,070 கிலோகலோரி. ஒப்படர்த்தி 0.639. வோபே எண் 47.5.

அ-வையும் இ-யையும் பாருங்கள். கலோரி மதிப்பில் ஒரு சதவீத வேறுபாடுகூட இல்லை. வோபே எண்ணிலோ ஆறரை சதவீதம் வித்தியாசம். பில்லைப் பார்க்கும் கணக்காளருக்கு இரண்டும் ஒரே வாயு. உலைக்கு முன்னால் நிற்பவருக்குச் சுடர் மாறியிருக்கும். கலோரி மதிப்பில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் பழியைப் பர்னர் மேலோ, ரெகுலேட்டர் மேலோ, ஆபரேட்டர் மேலோ போட்டு, எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கும் வேலை நடக்கும். அதற்கு முன்னால் வாயுவின் பகுப்பாய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

இயந்திரத்தின் கையேட்டில் உள்ள வோபே எண் விநியோகஸ்தர் தரும் எண்ணோடு பொருந்தவில்லையே?

பெரும்பாலும் அடிப்படை அளவு வேறாக இருக்கும். ஐரோப்பியக் கையேடுகள் பலவும் 0 டிகிரி கனமீட்டரில் பேசும். நம் ஊர் எஸ்.சி.எம். (ஸ்டாண்டர்டு கனமீட்டர்) என்பது 15 டிகிரி கனமீட்டர். இந்த ஒரு காரணத்தாலேயே எண் ஐந்தரை சதவீதம் மாறும். தூய மீத்தேனின் வோபே எண் 15 டிகிரியில் 50.7, 0 டிகிரியில் ஏறத்தாழ 53.4. அடுத்து, கலோரி மதிப்பு மொத்தமா, நிகரமா (எரியும்போது உண்டாகும் நீராவியோடு போகும் வெப்பத்தைக் கழித்ததா) என்று பாருங்கள். நிகர மதிப்பு மொத்த மதிப்பில் சுமார் 90 சதவீதம். இந்த இரண்டையும் சரிபார்க்காமல் "வரம்புக்குள் இருக்கிறது" என்றோ "வெளியே போய்விட்டது" என்றோ யாரும் சொல்லக் கூடாது.

வோபே எண் ஏறினால் சாதாரண பர்னரில் என்ன நடக்கும்?

ஒரு யூனிட் வெப்பத்துக்குத் தேவையான காற்று, இந்த வாயுக்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே வோபே எண் எத்தனை சதவீதம் ஏறுகிறதோ, காற்றின் தேவையும் அத்தனை சதவீதம் ஏறும். ஆனால் காற்றின் அளவை வைக்கும் தடுப்பான டேம்பர் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

வாயு இ ஓடும் நாளில் டெக்னீஷியன் வந்து, புகைபோக்கியில் ஆக்சிஜன் 2 சதவீதம் என்று அழகாக ட்யூன் செய்துவிட்டுப் போகிறார். அப்போது உபரிக் காற்று, அதாவது எரியத் தேவையானதுக்கு மேல் போகும் காற்று, ஒன்பதரை சதவீதம். பிறகு ஒருநாள் வாயு ஆ வருகிறது. வோபே எண் பத்தரை சதவீதம் ஏறிவிட்டது. உபரி முழுவதும் தீர்ந்து, காற்று ஒரு சதவீதம் பற்றாக்குறை. கார்பன் மோனாக்சைடு சட்டென்று எகிறும், சுடர் நீண்டு மஞ்சளாகும், வெப்பமாற்றிக் குழாய்களில் கரி படியும். உலை மூடிய இடத்தில் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

எதிர்த்திசையில் மாறினால் இவ்வளவு ஆபத்து இல்லை. உபரிக் காற்று கூடும், எரிபொருள் வீணாகும், உலை வெப்பநிலைக்கு வர நேரம் பிடிக்கும், காற்றும் வாயுவும் முன்பே கலந்து வரும் சில முன்கலவைப் பர்னர்களில் சுடர் பர்னர் முகத்தை விட்டு எழும்பி அணையும்.

அப்படியானால் எந்த ஆக்சிஜன் அளவில் ட்யூன் செய்வது?

இன்றைய வாயு எது என்று தெரியாமல் ட்யூன் செய்யாதீர்கள். வரிசை இதுதான்.

முதலில், கடந்த ஓராண்டின் பகுப்பாய்வு அறிக்கைகளை வாங்கி, வோபே எண்ணின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அன்றைய எண்ணைக் கேளுங்கள். மிகச் செறிந்த வாயு வந்தாலும் பர்னருக்குக் குறைந்தபட்ச உபரிக் காற்று மிச்சம் இருக்கும்படி இன்றைய அளவை வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஆ வரும்போது உலர் ஆக்சிஜன் 1 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்றால், அ ஓடும் நாளில் 1.7, இ ஓடும் நாளில் 3.1 என்று வைக்க வேண்டும். எல்லாப் பர்னரும் 1 சதவீதத்தில் சுத்தமாக எரிந்துவிடாது. உங்கள் பர்னரில் காற்றை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து, கார்பன் மோனாக்சைடு ஏறத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு மேல்தான் இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். இதை முழுச் சுடரில் மட்டும் செய்துவிட்டு விடாதீர்கள். குறைந்த சுடரிலும் பாருங்கள். பெரும்பாலான கோளாறு அங்கேதான் முதலில் தெரியும்.

ட்யூன் செய்த நாளின் வோபே எண்ணை பர்னர் அட்டையிலேயே எழுதித் தொங்கவிடுங்கள். அடுத்து வருபவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஆக்சிஜன் டிரிம் (புகைபோக்கி ஆக்சிஜனைப் பார்த்துக் காற்றைத் தானே திருத்தும் அமைப்பு) இருக்கிறது. நாங்கள் கவலைப்பட வேண்டுமா?

ஒற்றைப் பர்னர் கொதிகலனில் டிரிம் நன்றாக வேலை செய்யும். பல பர்னர் உள்ள உலையில் சென்சார் சராசரியைத்தான் பார்க்கிறது. ஒரு பர்னர் காற்றில்லாமல் கரி கக்க, இன்னொன்று உபரியில் எரிந்தாலும் சராசரி சரியாகவே காட்டும். கதவு இடுக்கு வழியாக நுழையும் வெளிக்காற்றையும் சென்சார் உபரி என்றே எண்ணி, டிரிம் காற்றை மேலும் குறைத்துவிடும். டிரிம் எதையும் நடந்த பிறகுதான் சரிசெய்யும் என்பதும் நினைவிருக்கட்டும். குழாயில் வாயுவின் போக்குத் திரும்பும்போது இரண்டு வாயுக்களும் மெல்லக் கலந்து வருவதில்லை. ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று வந்து நிற்கும், மாற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எந்தக் கருவிகள் அதிகம் பாதிக்கப்படும்?

காற்றையும் வாயுவையும் முன்பே கலந்து எரிப்பவை எல்லாம் கவனிக்க வேண்டியவை. கண்ணாடி ஃபோர்ஹார்த் (உருகிய கண்ணாடி ஓடும் கால்வாய்) பர்னர்கள், பீங்கான் தகட்டு அகச்சிவப்பு ஹீட்டர்கள், நைட்ரஜன் ஆக்சைடு குறைந்த கேஸ் டர்பைன்கள் இந்த வகை. நாசிலில் கலந்து எரியும் தொழிற்சாலைப் பர்னர்கள் சற்றுத் தாங்கும்.

திருப்பூர், ஈரோடு, கரூர்க்காரர்கள் துணியின் பிசிறைச் சுடரால் எரித்து நீக்கும் சிஞ்சிங் மெஷினைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துணி நிமிடத்துக்கு 100 மீட்டர் போன்ற வேகத்தில் சுடருக்கு மேல் ஓடுகிறது. நூல்முடி கருகும் அளவுக்குச் சூடும், துணி கருகாத அளவுக்கு வேகமும் ஒன்றுக்கொன்று கட்டப்பட்டவை. வோபே எண் இறங்கினால் சுடர் குட்டையாகி, பிசிறு முழுவதும் எரியாது. அந்தக் குறை அங்கே தெரியாது, சாயம் ஏற்றிய பிறகு திட்டுத் திட்டாகத் தெரியும். வோபே எண் ஏறிக் காற்று குறைந்தால் சுடர் மென்மையாகிக் கரி துணியில் ஒட்டும். மெஷின் வேகத்தை மாற்றிச் சமாளிக்காமல், பர்னர் அறையின் வாயு–காற்று விகிதத்தைத் திருத்துங்கள்.

துணியை விரித்து உலர்த்தும் நேரடிச் சுடர் ஸ்டென்டரில் எரிந்த வாயு துணி மேலேயே படுகிறது. வெள்ளைத் துணியில் மஞ்சள் தட்டினால் நைட்ரஜன் ஆக்சைடும் ஒரு காரணமாகலாம். பாலித்தீன் உறையில் உள்ள பி.எச்.டி. (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சேர்மத்தோடு அது சேரும்போது மஞ்சள் நிறம் உண்டாகும். எனவே உறையை மாற்றிப் பார்க்காமல் பர்னரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல.

கேஸ் ஜெனரேட்டரில் அடிக்கடி நாக்கிங் (எரியறையில் வாயு தானாகப் பற்றி எஞ்சின் தட்டுவது) வருகிறது. வோபே எண் சரியாகத்தான் இருக்கிறது.

எஞ்சினுக்கு வோபே எண் மட்டும் போதாது. மீத்தேன் எண்ணையும் கேளுங்கள். பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் போல வாயுவுக்கு இது. தூய மீத்தேன் 100, ஹைட்ரஜன் 0. ஈத்தேன் 44-ஐ ஒட்டி, புரோப்பேன் 34-ஐ ஒட்டி, பியூட்டேன் 10-ஐ ஒட்டி. சில சதவீதம் கன ஹைட்ரோகார்பன் சேர்ந்தாலே எண் கீழே விழுந்துவிடும். நம் வாயு அ 90-ஐ ஒட்டியும், ஆ எழுபதுகளின் முற்பகுதியிலும் இருக்கும். கார்பன் டை ஆக்சைடு மீத்தேன் எண்ணை உயர்த்தும் என்பதால், பர்னருக்கு மோசமான கிணற்று வாயு எஞ்சினுக்கு நல்லதாக அமையலாம்.

பல எஞ்சின்களின் முழுத் திறன் மீத்தேன் எண் 80 அல்லது அதற்கு மேல் என்ற கணக்கில் எழுதப்பட்டது. ஐரோப்பாவின் 2015-ஆம் ஆண்டு எரிவாயுத் தர நெறியோ 65 வரை அனுமதித்தது. இந்த இடைவெளி எஞ்சின் உரிமையாளரின் தலையில்தான் விழுகிறது. நாக் சென்சார் முதலில் பற்றவைப்பைப் பின்தள்ளும், பிறகு லோடைக் குறைக்கும், கடைசியில் எஞ்சினை நிறுத்தும். சென்சாரைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது பிஸ்டன் முகட்டையும் வளையத் தடத்தையும் உடைக்கும் வழி.

செய்ய வேண்டியவை: உற்பத்தியாளரின் திறன்குறைப்பு வரைபடத்தில் உங்கள் வாயுவின் மிகக் குறைந்த மீத்தேன் எண்ணுக்கு எவ்வளவு லோட் என்று பாருங்கள். இன்டர்கூலர் தண்ணீரின் வெப்பநிலையைச் சரிபாருங்கள்; நம் சித்திரை வெயிலில் நாக்கிங் கூடுவதற்கு இதுவும் காரணம். எண்ணெய்ச் சாம்பல் படிந்த எரியறைகளைச் சுத்தம் செய்யுங்கள். மீத்தேன் எண்ணைக் கணக்கிடும் முறைகள் ஒன்றுக்கு மேல் உண்டு, ஒரே வாயுவுக்குச் சில எண்கள் வித்தியாசம் காட்டும். உற்பத்தியாளர் எந்த முறையைச் சொல்கிறாரோ அதையே பயன்படுத்துங்கள்.

ஹீட் ட்ரீட்மென்ட்டில் எண்டோ கேஸ் ஜெனரேட்டர் (உலைக்குள் நிரப்பும் வாயுவைத் தயாரிக்கும் கருவி) அடிக்கடி கரி பிடிக்கிறது. வாயுதான் காரணமா?

இருக்க வாய்ப்பு அதிகம். ஒசூர், அம்பத்தூர் பக்கம் கார்பரைசிங் (எஃகின் மேற்பரப்பில் கார்பன் ஏற்றுதல்) செய்பவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டருக்குள் வாயு எரிவதில்லை. சுமார் 1,040 டிகிரியில் நிக்கல் வினையூக்கி மேல் பாதி ஆக்சிஜனேற்றம் அடைகிறது. இங்கே தேவைப்படும் காற்று, வாயுவில் உள்ள கார்பன் அணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு பங்கு மீத்தேனுக்கு 2.38 பங்கு காற்று, புரோப்பேனுக்கு 7.14.

நம் வாயு அ-வுக்கு 2.43 பங்கு, ஆ-வுக்கு 2.66. வோபே எண்ணில் மூன்றே சதவீதம்தான் வேறுபாடு, இங்கே ஒன்பது சதவீதத்துக்கு மேல். பழைய விகிதத்திலேயே விட்டால் காற்று குறைந்து, பனிநிலை (வாயுவில் உள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இறங்கி, வினையூக்கி இருக்கும் ரிட்டார்ட் கலத்தில் கரி விழும். கரி மூடிய வினையூக்கியில் மீத்தேன் உடையாமல் தப்பி உலைக்குள் போகும். அங்கே கார்பன் அளவு கட்டுப்பாட்டை மீறும். வாயு ஓடும் அளவைக் காட்டும் ரோட்டாமீட்டரும் அடர்த்தி மாறினால் பொய் சொல்லும் என்பதால் அதன் அளவை நம்பி விகிதம் வைக்காதீர்கள். பனிநிலையை வைத்துக் காற்றைத் தானாகத் திருத்தும் அமைப்பு இருந்தால் இந்த அளவு மாற்றத்தைச் சமாளித்துவிடலாம். இல்லையென்றால் ஷிப்டுக்கு ஒரு முறையாவது பனிநிலையை அளந்து எழுதுங்கள். மணமூட்டியில் உள்ள கந்தகமும் நிக்கலைக் கெடுக்கும்; வாயு நுழையுமிடத்தில் கந்தக நீக்கிப் படுகை வைத்திருப்பவர்கள் அதை மாற்றிய தேதியைத் தவறாமல் குறிக்க வேண்டும்.

வோபே மீட்டர் வாங்குவதா, குரோமடோகிராஃப் வாங்குவதா?

பர்னருக்கு மட்டும் என்றால் வோபே மீட்டர். மாதிரியை எரித்து, மிச்ச ஆக்சிஜனை அளந்து சில நொடிகளில் பதில் தரும். காற்று விகிதத்தை முன்கூட்டியே மாற்ற அந்த வேகம் வேண்டும். வாயுவின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் குரோமடோகிராஃபுக்கு ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள் ஆகும். ஆனால் கலவை முழுவதும் தெரிவதால் மீத்தேன் எண்ணும், எண்டோ கேஸ் விகிதமும் அதிலிருந்தே கிடைக்கும். எதுவானாலும் மாதிரிக் குழாயைக் குட்டையாக வையுங்கள். நீளமான குழாயில் பழைய வாயுவே தேங்கி நின்று, மாற்றம் உலையைத் தாண்டிய பிறகுதான் மீட்டருக்குத் தெரியும்.

குழாய் நின்றால் எல்.பி.ஜி.–காற்றுக் கலவையில் ஓட்டலாமா?

பர்னர்களுக்கு ஓட்டலாம். 60 சதவீதம் புரோப்பேன், 40 சதவீதம் காற்று கலந்தால் கலோரி மதிப்பு 56 மெகாஜூல், இயற்கை எரிவாயுவைப் போல் ஒன்றரை மடங்கு. ஆனால் ஒப்படர்த்தி 1.33 என்பதால் வோபே எண் 49-இல் வந்து நிற்கும், பர்னர் அதே ஜெட்டில் எரியும். எஞ்சினுக்கும் எண்டோ ஜெனரேட்டருக்கும் இதைக் கொடுக்காதீர்கள். முன்னதில் புரோப்பேனால் நாக்கிங் வரும். பின்னதில் வாயுவோடு வரும் 8 சதவீத ஆக்சிஜனும் புரோப்பேனும் சேர்ந்து விகிதக் கணக்கையே குலைத்துவிடும்.

வீட்டு அடுப்புக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் அடுப்பு மிகவும் பொறுமையானது. சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறும்போதுதான் கவனம் தேவை. எல்.பி.ஜி. சுமார் 30 மில்லிபாரில் வோபே எண் 80-ஐ ஒட்டி வருகிறது; குழாய்வழி வாயு 21 மில்லிபாரில் 50-ஐ ஒட்டி வருகிறது. அதே வெப்பத்துக்கு ஜெட் துளையின் விட்டம் ஏறத்தாழ 1.38 மடங்காக வேண்டும்: 0.70 மில்லிமீட்டர் என்றால் 0.97. ஊசியால் குத்திப் பெரிதாக்கிய துளை கோணலாகி, சுடர் ஒரு பக்கம் சாய்ந்து கரி கக்கும். விநியோக நிறுவனத்தின் ஆள் சரியான ஜெட்டை மாற்றித் தரட்டும்.

டர்பைன், எஞ்சின் ஃபில்டரில் திரவம் தேங்குகிறது. எங்கிருந்து வருகிறது?

அழுத்தம் குறையும்போது வாயு குளிரும், ஒரு பாருக்குச் சுமார் அரை டிகிரி. 40 பாரிலிருந்து 4 பாருக்கு இறக்கினால் 16 முதல் 18 டிகிரி குறைந்துவிடும். கன ஹைட்ரோகார்பன் உள்ள வாயு என்றால் அங்கே துளியாகும். அந்தத் துளிகள் டர்பைன் எரியறைக்குள் போனால் உலோகத்தையே உருக்கும். நுண்துளிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கோலசிங் ஃபில்டருக்குப் பின்னால் ஹீட்டர் வைத்து, வாயுவை ஹைட்ரோகார்பன் பனிநிலையைவிட (அது துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 28 டிகிரி மேலே வைப்பது டர்பைன்காரர்களின் பழக்கம்.

ஹைட்ரஜன் கலக்கப் போகிறார்களாமே?

குஜராத்தில் காவாஸில் என்.டி.பி.சி. குடியிருப்பின் வீட்டு இணைப்புகளில் 2023 ஜனவரியில் கலக்கத் தொடங்கினார்கள். 20 சதவீதம் கலந்தால் மீத்தேனின் கலோரி மதிப்பு பதின்மூன்றரை சதவீதம் குறைந்தாலும் வோபே எண் 5 சதவீதம்தான் இறங்கும். வீட்டு அடுப்பு அதைத் தாங்கலாம். முன்கலவைப் பர்னரில் சுடர்வேகம் கூடிப் பின்னோக்கிப் பற்றும் ஆபத்து உண்டு. எஞ்சினில் மீத்தேன் எண் இறங்கும்.

சட்டப்படி என்ன வரம்பு? ஒப்பந்தத்தில் என்ன கேட்கலாம்?

பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியமான பி.என்.ஜி.ஆர்.பி.யின் 2008-ஆம் ஆண்டு குழாய் அணுகல் விதிகளில் கார்பன் டை ஆக்சைடு 6 சதவீதம், எரியாத வாயுக்கள் மொத்தம் 8 சதவீதம், ஆக்சிஜன் 0.2 சதவீதம் என்று மேல்வரம்புகள் உள்ளன. பிரிட்டன் 1996-இலேயே வோபே எண்ணை 47.20 முதல் 51.41 என்று கட்டிவைத்தது. கீழ் எல்லையை 2025-இல் 46.50 ஆக்கியது. அமெரிக்காவில் 2005-இல் தொழில்துறையினர் கூடிப் பரிந்துரைத்தது, அந்தந்த ஊரின் பழைய சராசரியிலிருந்து 4 சதவீதம் மேலும் கீழும். நம் மூன்று வாயுக்களும் 6, 8 சதவீத வரம்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன; அவற்றின் வோபே எண்களோ பத்தரை சதவீத இடைவெளியில் நிற்கின்றன.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது வோபே எண்ணின் மேல், கீழ் எல்லை, மீத்தேன் எண்ணின் கீழ் எல்லை, தினசரிப் பகுப்பாய்வு அறிக்கை, மூலம் மாறும் முன் தகவல் ஆகிய நான்கையும் கேளுங்கள். எல்லையை உறுதியளிக்க மறுத்தாலும் கடைசி இரண்டையும் விடாதீர்கள். மூலம் மாறப்போவது ஆறு மணி நேரம் முன்பு தெரிந்தால், அந்த ஷிப்டில் எண்டோ ஜெனரேட்டர் முன்னால் ஒருவரை நிறுத்தவும் எஞ்சின் லோடை முன்கூட்டியே குறைக்கவும் முடியும்.